நீரிழிவு நோயாளரின் அறிவை அளத்தல்: மதிப்பெண் யாருக்கு?

(இராஜகீழ்ப்பாக்கத்தில், நமது கல்விச் சங்கத்தின் உறுப்பினர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கக் கூடும். இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கத்தில் பாடத்தைப் பற்றிப் பேசினோம். தேர்வைப் பற்றிப் பேசினோம். மதிப்பெண்ணைப் பற்றிப் பேசினோம். இன்று எடுத்துக்கொண்ட பொருளும் அவையே. மாணவர் மட்டும் வேறு. சர்க்கரை நோய் என்று வழக்கில் வழங்கும் நீரிழிவால் பீடிக்கப்பட்டிருக்கும் நம் தாய் தந்தையரே இன்று மாணவர்கள். அவர்கள் தம் நோயைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கிறார்கள்? அந்த அறிவை எவ்வாறு அளப்பது? அளந்த பின் செய்ய வேண்டுவது யாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்கண் நோயின் பரப்பைக் காண்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நம் நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு உள்ளதென்றும், இருபது வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு 11.4 பேர் இந்நோயுடையார் என்றும் அவ்வாய்வு கணித்தது. தமிழ்நாட்டில் இவ்விகிதம் 14.4. அதாவது, வயது வந்தோருள் ஏழு பேரை வரிசையில் நிறுத்தினால் அவருள் ஒருவர் நீரிழிவு நோயர். பணக்காரர் நோய் என்று ஒரு காலத்தில் இதற்குப் பெயர். கட்டட வேலைக்குச் செல்வோரும், துப்புரவுப் பணி புரிவோரும், வேளச்சேரி சாலையின் இருமருங்கும் எழுந்துள்ள அடுக்ககங்களில் வீட்டு வேலை செய்யும் தாய்மாரும் மாத்திரைப் பொட்டலத்துடன் நடமாடும் இந்நாளில் அப்பெயர் பொருந்தாது.

இந்நோயின் கொடுமை அதன் அமைதியில் இருக்கிறது. பல் வலித்தால் அன்றே மருத்துவரை நாடுவோம். நீரிழிவோ ஆண்டுக்கணக்கில் வலியின்றி உள்ளிருந்தே அரித்து, விழித்திரையையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் கால் நரம்புகளையும் கெடுக்கும். காலில் உணர்ச்சி குன்றியவருக்கு முள் தைத்ததும் தெரியாது. புண் ஆனதும் தெரியாது. தெரியும் நாளில் விரலை எடுக்க வேண்டும் என்பார்கள். இதைத் தடுக்க வழி உண்டு. பிரிட்டனில் 1977 முதல் 1997 வரை நடந்து, 1998இல் வெளியான பேராய்வு, சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தும் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்க் கேடுகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன என மெய்ப்பித்தது.

கட்டுப்படுத்துபவர் யார்? மாதம் ஒன்றுக்கு 720 மணி நேரம். அவற்றுள் நோயாளி மருத்துவர் முன் அமர்ந்திருப்பது சில நிமிடங்களே. எஞ்சிய நேரமெல்லாம் என்ன உண்பது, எப்போது மாத்திரை போடுவது, எவ்வளவு நடப்பது என்று முடிவு செய்பவர் நோயாளியே. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தின் கூறுகளை நான்காக வகுத்தபோது, நோயுற்றவரையே முதலில் நிறுத்தினார். அவருக்குப் பின்னரே மருத்துவரும், மருந்தும், உடனிருந்து உதவுபவரும் வருகின்றனர். நீரிழிவுக்கு இவ்வரிசை முற்றும் பொருந்தும். முதற் கூறாகிய நோயாளி அறியாதிருப்பின் எஞ்சிய மூன்றும் பயன் தாரா.

ஏழைகளால் வீட்டிலிருந்தே நோயைப் பேண இயலுமா என்ற ஐயம் பழையது. நமக்கு அண்மையிலுள்ள தாம்பரம் காசநோய் மருத்துவமனை 1928இல் தோன்றியது. காசநோயாளியை மாதக்கணக்கில் அத்தகைய இடத்தில் படுக்க வைத்தாலன்றிக் குணமாகாது என்று அக்காலத்தில் கருதினர். 1956இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு மையம், நெருக்கடியான குடிசைகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்துப் பார்த்தது. ஒழுங்காக மருந்துண்டால் வீட்டுச் சிகிச்சையும் மருத்துவமனைச் சிகிச்சைக்கு நிகரே என 1959இல் அது உலகுக்கு அறிவித்தது. ஏழை மக்கள் தம் சிகிச்சையைத் தாமே நடத்தவல்லர் என்பதற்கு நம் மாநகரமே சான்று. நீரிழிவும் வீட்டில் பேணப்படும் நோயே. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரையோடு விளக்கமும் வந்து சேர்ந்ததா என்பதே நாம் அளக்க வேண்டுவது.

நிற்க. இவ்வறிவை அளந்து பார்த்தவர்கள் உண்டா? உண்டு. சென்னை மாநகராட்சியின் அன்றைய 155 வட்டங்களுள் 46 வட்டங்களில் 26,001 பேரைச் சந்தித்து நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2005இல் வெளிவந்தது. நீரிழிவு என்றொரு நோய் இருப்பதையே ஏறத்தாழ நான்கில் ஒருவர் அறிந்திருக்கவில்லை. இந்நோயைத் தடுக்க இயலும் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 22 பேரே. உடற்பருமனும் உழைப்பின்மையும் இந்நோய்க்கு ஏதுவாகும் என அறிந்தவர்கள் நூற்றுக்கு 12 பேர் அளவில்தான் இருந்தனர். நம்மைத் திடுக்கிட வைப்பது வேறொன்று. நீரிழிவு இருப்பதாகத் தெரிந்து சிகிச்சையில் இருந்தவர்களுள்கூட, இந்நோய் பிற உறுப்புகளைக் கெடுக்கும் என்பதை அறிந்தவர்கள் நூற்றுக்கு 41 பேருக்கு மேல் இல்லை. எஞ்சியோர், எதற்காக என்று அறியாமலே மாத்திரையை விழுங்கி வந்தனர்.

2014இல் வெளியான மற்றோர் ஆய்வு தமிழ்நாடு, மகாராட்டிரம், சார்க்கண்டு ஆகிய மூன்று மாநிலங்களையும் சண்டிகரையும் ஒப்பிட்டது. பொதுமக்களின் நீரிழிவு அறிவுக்கு மதிப்பெண் இட்டபோது தமிழ்நாடு 31.7 பெற்று முதலிடத்தில் நின்றது. ஆனால் நோயுள்ளவர்களை மட்டும் தனியே எடுத்து மதிப்பெண் இட்டபோது, மகாராட்டிரம் 70.1 பெற்று முதலிடம் அடைய, தமிழ்நாடு 56.5 பெற்றுக் கடைசியில் நின்றது. நோயில்லாதவர் ஊர்ப் பேச்சில் அறிந்துகொள்வது ஒன்று. நோயுற்றவருக்கு முறையாகக் கற்பிப்பது மற்றொன்று. முன்னதில் முந்திய நம் மாநிலம் பின்னதில் பிந்தியது ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது.

இனி, அளக்கும் கருவியைப் பற்றிக் கூறுவோம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஆக்கி, 1998இல் ஆய்ந்து வெளியிட்ட வினாத்தாள் ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது. அதில் 23 வினாக்கள். முதற் பதினான்கு எல்லா நோயாளர்க்கும், பின் ஒன்பது இன்சுலின் ஊசி போடுவோர்க்கும் உரியவை. ஒவ்வொன்றுக்கும் சில விடைகளைத் தந்து, சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வர். நல்ல கருவிதான். ஆயினும், மாவுச்சத்து மிகுந்த உணவு எது என்று வினவி, வாட்டிய கோழி, சுவிட்சர்லாந்துப் பாலாடைக்கட்டி, வேர்க்கடலை வெண்ணெய் என்று அது அடுக்கும்போது, நம் தாயார் ஒருவர் என்ன விடை சொல்வார்? அவர் விழிப்பது அறியாமையால் அன்று. அவ்வுணவைக் கண்ணால் கண்டதில்லை என்பதால். சோறு, இட்லி, கேழ்வரகுக் கூழ், மரவள்ளிக் கிழங்கு, முட்டை, கீரை என்று கேட்டுப் பாருங்கள், விடை வரும்.

ஆசிரியப் பயிற்சி பெற்றோர் ஒரு தேர்வுக்கு இரண்டு இலக்கணங்கள் கூறுவர். ஒன்று நம்பகத்தன்மை: இன்று கேட்டாலும் இரு வாரம் கழித்துக் கேட்டாலும், இடையில் ஒன்றும் கற்பிக்காதபோது, விடை ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். மற்றொன்று ஏற்புடைமை: எதை அளக்க எண்ணினோமோ அதையே அளக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் கையில் அச்சிட்ட தாளைக் கொடுத்துவிட்டு, அவருக்கு நீரிழிவைப் பற்றித் தெரியவில்லை என்று எழுதுவது ஏற்புடைமை அற்றது. அத்தேர்வு அளந்தது நோயறிவை அன்று. அவருக்குப் பள்ளிக்கூடத்தின் கதவு திறந்ததா இல்லையா என்பதைத்தான். தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்ட நம் சமுதாயத்தில் இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. “வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறீர்களா?”, “காலைக் கவனித்துக் கொள்கிறீர்களா?” என்று கேட்டால், “ஆமாங்க” என்ற விடையே வரும். அதிகாரமுடையார் முன் “ஆமாங்க” என்று தலையசைப்பது நம் முன்னோர்க்கு உயிர் காக்கும் உபாயமாக இருந்தது. தெரியாது என்றால் ஏளனம். திருப்பிக் கேட்டால் தண்டனை. அப்பழக்கம் மருத்துவமனை வரிசையிலும் இன்று வரை தொடர்கிறது. ஆகவே ஆம், இல்லை என்ற விடைக்கு இடமளிக்கும் வினாக்கள் நமக்கு உதவா. அவற்றுள் பாதியைக் குருட்டாம்போக்கில் சொல்லியும் ஒருவர் தேறிவிடலாம். நோயாளி தம் வாயால் சொல்லிக் காட்டவும், கையால் செய்து காட்டவும் கேட்பதே தக்க முறை. “தெரியாது” என்று கூசாமல் சொல்வதற்கும் இடம் வேண்டும்.

எடுத்துக்காட்டாகச் சில வினாக்களைத் தருகிறோம். அவற்றை வீட்டில் பேசும் மொழியிலேயே கேட்க வேண்டும்.

ஒன்று: “ஆயா, மாத்திரை போட்டுட்டீங்க, சாப்பிட நேரமாயிடுச்சு. உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்குது. என்ன பண்ணுவீங்க?” சர்க்கரை 70க்குக் கீழ் தாழ்ந்ததன் அறிகுறி இது. இன்சுலினாலும், கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளாலும் இவ்வாறு நேரலாம். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை உடனே உண்டு, பதினைந்து நிமிடம் கழித்தும் தெளியாவிடில் மீண்டும் உண்டு, பின் உணவு கொள்ள வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. 108 ஊர்தியை அழைக்க வேண்டும். சர்க்கரை நோயருக்குச் சர்க்கரையா என்று தயங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இரண்டு: “உங்க உள்ளங்காலைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?” நாள்தோறும் பார்க்க வேண்டும், குனிய முடியாதவர் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். வெறுங்காலுடன் நடத்தல் கூடாது. உணர்ச்சி குன்றிய காலுக்கு எம்.சி.ஆர். செருப்பு உண்டு.

மூன்று: “வெல்லம், கருப்பட்டி, தேன் இதெல்லாம் எவ்வளவு வேணாலும் சாப்பிடலாமா? ஏன் அப்படிச் சொல்றீங்க?” மூன்றும் சர்க்கரையை ஏற்றுவனவே. கேழ்வரகுக் கூழும் அளவின்றிக் குடித்தால் ஏற்றும்.

நான்கு: “மாத்திரையை நிறுத்தினா சிறுநீரகம் பிழைக்குமா, கெடுமா?” மாத்திரையே சிறுநீரகத்தைத் தின்றுவிடும் என்ற அச்சம் நம் தெருக்களில் மிகுதி. கட்டுக்கடங்காத சர்க்கரையும் இரத்த அழுத்தமுமே அதனைப் பெரிதும் கெடுப்பவை. மாத்திரையை மாற்றுவதும் குறைப்பதும் மருத்துவர் பணி.

ஐந்து: “டெஸ்டுக்கு முதல் நாள் மட்டும் பத்தியம் இருந்தா போதுமா?” எச்.பி.ஏ.1.சி. என்னும் சோதனை ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும். பொதுவாக அது 7க்குக் கீழ் இருப்பது நன்று; முதியோர்க்கு மருத்துவர் சற்றுத் தளர்த்துவார்.

ஆறு: “உங்க மாத்திரைகளை எடுத்துக் காட்டுங்க. எது சாப்பாட்டுக்கு முன்னே, எது பின்னே?” இதற்கு ஏடும் வேண்டா, எழுத்தும் வேண்டா.

இத்தகைய வினாக்கள் பத்தினை ஆக்கி, அரசு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ செவிலியரிடமோ காட்டி ஒப்புதல் பெற்ற பின்னரே பயன்படுத்த வேண்டும். மருந்தின் அளவைப் பற்றி நம் இளைஞர் எவரும் ஒரு சொல்லும் சொல்லலாகாது. விடை எழுதும் தாளில் பெயரைப் பெரிதாக எழுதி ஊருக்குக் காட்டுதலும் ஆகாது. நோய் ஒருவருடைய சொந்த உடைமை. அவர் மதிப்பெண்ணும் அவ்வாறே.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒரு தாயார் பத்து வினாக்களுள் நான்குக்கு விடை சொன்னார் எனக் கொள்வோம். நான்கு என்பது யாருடைய மதிப்பெண்? தேர்வுகளில் இரு வகை உண்டென்பதை ஆசிரியர்கள் அறிவர். அடைவுத் தேர்வு, மாணவரைத் தேறியவர், தேறாதவர் எனப் பிரிக்கும். குறையறி சோதனையோ, எந்தப் பாடம் மனத்தில் பதியவில்லை என்று கண்டுபிடிக்கும். அதன் பின் குறைதீர் கற்பித்தல் நிகழும். நோயாளிக்கு நடத்த வேண்டியது இரண்டாம் வகையே. நூறு பேருள் எண்பது பேர் கால் பராமரிப்பு வினாவில் தவறினால், எண்பது பேரும் மந்த புத்தியுடையவர் என்பதன்று பொருள். அப்பாடத்தை யாரும் கற்பிக்கவில்லை, அல்லது புரியும்படி கற்பிக்கவில்லை, அல்லது வினாவே பழுதானது என்பதே பொருள். ஆகவே அம்மதிப்பெண் கற்பித்தவர்க்கு உரியது. மருத்துவருக்கும் செவிலியருக்கும் அதில் பங்குண்டு; படித்த பிள்ளைகளாகிய உங்களுக்கும் பங்குண்டு.

இவ்வுண்மையை நாம் அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. தேர்வு என்னும் தராசு நம் பிள்ளைகளை வெளியே நிறுத்துவதற்கே நெடுங்காலம் பயன்பட்டது. கற்பிக்காததைக் கேட்டுவிட்டு, விடை தெரியாதவரைத் தகுதியற்றவர் என்றனர். “சொன்னால் கேட்பதில்லை, இவர்களுக்குப் புரியாது” என்று நோயாளியைக் கடிந்துகொள்ளும் குரலிலும் அதே தீர்ப்பு ஒலிக்கிறது. நாம் கையிலெடுக்கும் தராசு அவ்வாறு பயன்படலாகாது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. பத்துக்குப் பத்து பெற்றவரெல்லாம் நோயைக் கட்டுப்படுத்திவிடுவார் என்பதில்லை. காலணி அணிய வேண்டும் என்று அறிந்த துப்புரவுத் தொழிலாளிக்குத் தக்க காலணி கொடுக்கப்படாவிட்டால் அவ்வறிவு என் செய்யும்? வேளைக்கு உண்ண வேண்டும் என அறிந்த வீட்டு வேலைக்காரத் தாய்க்கு, மூன்று வீடு முடியும் வரை உண்ண நேரமில்லை. எனவே ஒவ்வொரு வினாவுக்கும் பின், “தெரிந்தும் செய்ய முடியாமல் போவது எதனால்?” என்று ஒன்று சேர்த்துக் கேளுங்கள். அறியாமையால் வரும் குறைக்குப் பாடம் மருந்து. வறுமையாலும் வேலைக் கொடுமையாலும் வரும் குறைக்குச் சங்கமும் கோரிக்கை மனுவும் மருந்து. இவ்விரண்டையும் பிரித்தறிவதும் அளத்தலின் பயனே.

அண்ணல் அம்பேத்கரும் 1948 முதல் நீரிழிவால் துன்புற்றவர் என்பதை நீங்கள் நினைவிற் கொள்ள வேண்டும். அவர் துணைவியார் ஒரு மருத்துவர். இருந்தும், 1954 ஜூன் முதல் அக்டோபர் வரை அண்ணல் படுக்கையிலேயே இருக்க நேர்ந்தது, கண்பார்வையும் குன்றியது. 1956 டிசம்பர் 6ஆம் நாள், அறுபத்தைந்து வயதில், நம்மை விட்டுப் பிரிந்தார். வீட்டிலேயே விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்க்கும் கருவி அந்நாளில் இல்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையும் இல்லை. பேரறிஞராகிய அவருக்குக் கிட்டாத வசதிகள் இன்று நம் பகுதி அரசு மருத்துவமனைகளை நாடுவோர்க்குக் கிட்டுகின்றன. கற்பி என்று அவர் இட்ட கட்டளையைப் பள்ளிப் பாடத்தோடு நிறுத்திக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

இளைஞர்களே! உங்களுக்கு ஒரு வேலைத் திட்டம் தருகிறோம். இருவர் இருவராகச் சேருங்கள். முதலில் உங்கள் வீட்டிலும், பின்னர் உங்கள் தெருவிலும் உள்ள நீரிழிவு நோயர்களிடம் அனுமதி பெற்று, அருகில் அமர்ந்து, பத்து வினாக்களைப் பொறுமையாகக் கேளுங்கள். தவறிய வினாவை அங்கேயே விளக்குங்கள். விளக்கிய பின், “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள், “பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இதை நீங்க எப்படிச் சொல்லிக் கொடுப்பீங்க?” என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்லும் பாங்கில் உங்கள் கற்பித்தலின் தரம் தெரிந்துவிடும். மூன்று மாதம் கழித்து அதே வினாக்களை மீண்டும் கேட்டு, இரண்டு மதிப்பெண்களையும் அருகருகே எழுதுங்கள். பெரும்பாலோர் தவறிய வினாக்களைத் தொகுத்து, சங்கத்தின் வாயிலாகச் சுகாதார நிலைய மருத்துவரிடம் பணிவுடன் சமர்ப்பியுங்கள். வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் மகளிர் தன்னார்வலருக்கும் அது உதவும்.

நான்கு பெற்ற தாயார் மூன்று மாதத்தில் ஏழு பெற்றால், அந்த மூன்று மதிப்பெண் நீங்கள் ஈட்டியது. அவற்றுள் ஒன்று உள்ளங்காலைப் பார்க்கும் பழக்கமாக இருந்தால், ஒரு காலைக் காத்த பெருமையும் உங்களைச் சேரும். நம் சங்கத்தின் அடுத்த ஆண்டறிக்கையில், பத்தாம் வகுப்பில் தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு அடுத்த வரியில் இம்மதிப்பெண்களும் இடம்பெற வேண்டும் என்று வேண்டி அமைகிறோம்.